ஒத்திகை நாளில் திறந்த கதவு

புகழ்ந்து பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. திருகோணமலையில் கணிதம் படிப்பித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி வருவார். கரும்பலகையில் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்பார். பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்கள் என்பார். நாங்கள் எடுப்பித்து வைத்த மத்தியானச் சாப்பாட்டை ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டு, கை கழுவி, வாசல்வரை போய்த் திரும்பி நின்று "ஆனால்" என்று தொடங்குவார். அவர் அவ்வளவு தூரம் வந்ததே அந்த ஆனாலுக்குப் பின்னால் இருப்பதைச் சொல்லத்தான்.

கனடாவுக்கு வந்து மொன்றியல் பாடசாலை ஒன்றில் எனக்குக் கிடைத்த அதிபர் ஆனால் சொல்லாத மனிதர். நெடிய உருவம், மெல்லிய குரல், கழுத்தில் எப்போதும் தொங்கும் சாவிக்கொத்து. என் வகுப்பறைக்குள் சொல்லாமல் வருவார். பின்வரிசையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தான் அங்கே இல்லை என்று நினைத்துக்கொண்டு பாடத்தைத் தொடரும்படி கையால் காட்டுவார். அவ்வளவு பெரிய மனிதரை இல்லை என்று எப்படி நினைப்பது? பாடம் முடிந்ததும், மிகவும் நன்றாக இருந்தது மேடம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். வாசலில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நான் அந்த ஆனாலுக்காகக் காத்துக்கொண்டு நிற்பேன். வராத ஒவ்வொரு முறையும், அவர் அதை எங்கேயோ சேர்த்து வைக்கிறார் என்ற சந்தேகம் எனக்குள் கூடிக்கொண்டே போனது.

சந்தேகப்படக் காரணமும் இருந்தது. என்னிடம் இருந்தது தற்காலிக அனுமதி. வெளிநாட்டில் படிப்பித்தவர்களை இந்த மாகாணம் உடனே ஆசிரியராக ஏற்றுக்கொள்ளாது. பல்கலைக்கழகத்தில் சில பாடங்கள் படிக்க வேண்டும், பிரெஞ்சுப் பரீட்சை எழுத வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பாடசாலையில் படிப்பித்துக் காட்டி, இவரை நம்பி வகுப்பை ஒப்படைக்கலாம் என்று அதிபரிடம் மதிப்பீடு வாங்க வேண்டும். அது சரிவராவிட்டால் கதை முடிந்தது. இங்கே வந்த புதிதில் நான் டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் குசினியில் வெங்காயம் உரித்தவள். கணவர் இன்னும் அதே குசினியில்தான் நிற்கிறார். நான் பிரெஞ்சு படிக்கப் போன காலமெல்லாம் இரண்டு பேருடைய வேலையையும் அவர் ஒருவரே இழுத்தார். திரும்பவும் அந்த வெங்காய மூட்டைக்கு முன்னால் போய் நிற்பதை நினைத்தாலே எனக்குப் பயம். அதைவிட, அவருடைய முகத்தைப் பார்த்து அதைச் சொல்வதை நினைத்தால்.

நாங்கள் நகரத்தின் ஓரம், ரொக்ஸ்பரோவில், ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்ற்றில் இருந்தோம். மேலே இருந்தவர் வீட்டுக்காரி, யாழ்ப்பாணத்து அக்கா. நல்ல மனுஷி என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அவர்மேலும் சந்தேகக் கண். பனி கொட்டி பஸ் பிந்தி நான் தாமதமாகப் புறப்பட்டால், யன்னல் திரைச்சீலை மெல்ல அசையும். கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டால் படியில் நின்றுகொண்டு, "என்ன பிள்ளை, இண்டைக்கு வெள்ளனவே வந்திட்டீர்?" என்பார். வேலை போய்விட்டதா என்று மோப்பம் பிடிக்கிறார் என்று எனக்குத் தோன்றும். வேலை போனால் வாடகை என்னவாகும் என்ற கணக்கு. கணவரிடம் சொன்னால் சிரிப்பார். "அந்த மனுசி சும்மா கேக்குது. உமக்கு ஆர் என்ன கேட்டாலும் விசாரணைதான்," என்பார்.

விசாரணைதான். ஆசிரியர் அறையில் எங்கள் எல்லாருக்கும் பொதுவான மைக்ரோவேவ் இருக்கிறது. முதல் நாள் நான் கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் சூடாக்கியபோது, பக்கத்து வகுப்பு ஆசிரியை எழுந்து போய் யன்னலைத் திறந்தார். சரி, பிடிக்கவில்லை. அடுத்த நாள் வேண்டுமென்றே பாணும் வெண்ணெயும் மட்டும் கொண்டுபோனேன். அன்றும் எழுந்து யன்னலைத் திறந்தார். ஹீட்டர் அருகில் இருப்பவருக்குப் புழுக்கம், அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் அதன் பிறகு பல மாதங்கள் நான் குழம்பு கொண்டுபோகவில்லை. பாணுக்கும் யன்னலைத் திறந்தது முதல் நாளை மறைக்கிற நடிப்போ என்னவோ.

எனக்குத் தந்திருந்தது வரவேற்பு வகுப்பு. நாட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளைப் பிரெஞ்சு பிடிபடும்வரை வைத்திருக்கிற வகுப்புக்கு அந்தப் பெயர். அவர்களுக்குக் கணிதம் என் பொறுப்பு. சிரியா, உக்ரைன், ஹெயிட்டி, பஞ்சாப் என்று ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நாடு. அந்த அறையில் மட்டும் எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அடங்கும். என்னுடைய பிரெஞ்சைக் கேட்டுச் சிரிக்கக்கூடிய அளவுக்கு அவர்களுக்கும் பிரெஞ்சு தெரியாது. அதோடு எண்கள் எங்கேயும் எண்கள்தான்.

இலையுதிர்கால முடிவில் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். கொலம்பியா நாட்டுப் பிள்ளை, பன்னிரண்டோ பதின்மூன்றோ வயது. மொன்றியலுக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. வேறொரு பாடசாலையில் சில மாதங்கள் இருந்துவிட்டு, வீடு மாறியதால் எங்களிடம் வந்தாள். பேச்சுப் பிரெஞ்சு நன்றாகவே வந்திருந்தது. தாய்க்கு ஸ்பானிய மொழி மட்டும்தான் தெரியும் என்பதால் கடையிலும் கந்தோரிலும் தாயின் வாய் இவள்தான் என்று பிறகு அறிந்தேன். சுவரை ஒட்டிய இடத்தைத் தேடி எடுத்துக்கொண்டாள். முதுகு சுவரில் இருக்கும், கண் கதவில் இருக்கும்.

முதல் பயிற்சியிலேயே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நீண்ட வகுத்தல் கணக்குகளுக்கு விடை சரியாக இருக்கிறது, நடுவில் கழித்த வரிகள் ஒன்றையும் காணவில்லை. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள் என்று முடிவு கட்டி, முன்வரிசையில் தனியாகக் கொண்டுவந்து இருத்தினேன். அங்கேயும் விடை சரி. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர்கள் ஊரில் கழித்தலை மனத்திலேயே செய்து மீதியை மட்டும் கீழே எழுதப் பழக்குகிறார்கள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் எதற்காக இடம் மாற்றினேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. தன் பையை எடுத்துக்கொண்டு மறுபடி சுவரோரத்துக்குப் போனாள். எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போனது.

இங்கே பாடசாலைகளில் வருடந்தோறும் ஒரு பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். கட்டடத்துக்குள் ஆபத்தான ஆள் ஒருவன் நுழைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் ஒரு குறிச்சொல் சொல்வார்கள். ஆசிரியர் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு, பிள்ளைகளை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் தரையில் இருத்த வேண்டும். மூச்சுச் சத்தமும் கேட்கக் கூடாது. பொலிஸ்காரர் ஒருவரும் அதிபரும் நடைவழியில் வந்து கைப்பிடியைத் திருகிப் பார்ப்பார்கள். யார் தட்டினாலும், என்ன சொன்னாலும், திறக்கக் கூடாது. முடிந்ததும் அவர்களே சாவி போட்டுத் திறப்பார்கள். கழிவறையில் இருக்கும் பிள்ளை அங்கேயே உள்ளே பூட்டிக்கொண்டு இருந்துவிட வேண்டும். இதெல்லாம் விதி.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கதவைப் பூட்டி விளக்கை அணைத்து மூலையில் குந்தியிருப்பதை என்னைப் போன்றவளுக்குப் படிப்பிக்க வேண்டுமா? யுத்த காலத்தில் எங்கள் வீட்டில் அது இரவுச் சாப்பாட்டைப் போல வழக்கமாக நடந்தது. இருந்தாலும் ஒழுங்காக, படம் கீறிக் காட்டி, வகுப்புக்கு விளங்கப்படுத்தினேன். அப்போது அந்தப் பெண் எங்களிடம் வந்திருக்கவில்லை. வந்த பிறகு அலுவலகத்தில் கேட்டேன். முந்திய பாடசாலையில் நிச்சயம் சொல்லியிருப்பார்கள் என்றார்கள். எதையும் நம்பாத நான் அதை மட்டும் நம்பினேன்.

ஒத்திகை அந்தக் கிழமையில் ஏதோ ஒரு நாள் என்று மட்டும் ஆசிரியர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நாள் தெரியாததால் நான் தினமும் விறைத்துக்கொண்டு நின்றேன். இது பிள்ளைகளுக்கு வைக்கிற ஒத்திகை, எனக்கு வைக்கிற சோதனை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வியாழக்கிழமை காலை, பின்னங்கள் நடந்துகொண்டிருந்தபோது அவள் கழிவறைக்குப் போகக் கேட்டாள். தலையசைத்தேன். அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது.

நான் நடைவழியை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. கழிவறை நடைவழியின் கடைசியில். அவள் அங்கேயே பூட்டிக்கொண்டு இருப்பாள் என்று எண்ணிக் கதவைப் பூட்டினேன். விளக்கு, திரை, மூலை, எல்லாம் முறைப்படி. பிள்ளைகள் ஆளோடு ஆள் ஒட்டிக்கொண்டு தரையில் இருந்தார்கள். சிரியாப் பிள்ளைக்கும் உக்ரைன் பிள்ளைக்கும் நான் ஒன்றும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நான் கதவோரச் சுவரில் முதுகை வைத்து நின்றேன்.

கைப்பிடி ஒரு தரம் திருகப்பட்டது. பொலிஸ்காரர். பூட்ஸ் சத்தம் தள்ளிப் போனது. நன்றாகச் செய்துவிட்டோம் என்று மனத்துக்குள் அதிபருக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகுதான் தட்டுச் சத்தம் வந்தது.

பலமான தட்டு இல்லை. விரல் முட்டியால், அவசரமாக, விட்டு விட்டு. இது அதிபரின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். கைப்பிடியால் பிடிபடாதவளை இரக்கத்தால் பிடிக்கப் பார்க்கிறார். நான் அசையவில்லை. பக்கத்து வகுப்புக் கதவிலும் அதே தட்டு கேட்டது. அங்கேயும் யாரும் திறக்கவில்லை. திரும்பவும் எங்கள் கதவு. இந்த முறை கீழே, கைப்பிடிக்கும் கீழே.

அப்போது என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "ஆரது?" என்றேன்.

தமிழில். இருட்டில் கதவு தட்டப்பட்டால் என் வாய்க்குத் தெரிந்த ஒரே கேள்வி அது. அதைப் பிரெஞ்சில் கேட்க வேண்டும் என்று நான் ஒருநாளும் பழகியிருக்கவில்லை.

தட்டு நின்றது. பிறகு சப்பாத்துகள் ஓடும் சத்தம், சிறிய சப்பாத்துகள், எங்கள் கதவை விட்டு விலகி ஓடின. தன்னுடைய வகுப்பறைக்குள்ளிருந்து தனக்குத் தெரியாத மொழியில் ஒரு குரல் வந்தால் யார்தான் நிற்பார்கள்? அதிபர் என்றால் ஓடியிருக்க மாட்டார். கெட்டவன் என்றாலும் ஓடியிருக்க மாட்டான். எங்கள் ஊரில் கெடுதல் செய்ய வந்த எவனும், பதில் வரவில்லை என்று திரும்பிப் போனதாக நான் கண்டதில்லை.

ஒரு பிள்ளை என் பாவாடையைப் பிடித்து, வேண்டாம் மேடம் என்றது. நான் கதவைத் திறந்தேன்.

விளக்கில்லாத நடைவழியில் அந்தப் பெண் படிக்கட்டுப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நின்று திரும்பினாள். அவளுடைய முகத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. அவளுக்கு அப்பால், படிக்கட்டின் தலைப்பில், அதிபரும் பொலிஸ்காரரும் நின்றார்கள். பொலிஸ்காரர் அதிபரைப் பார்த்தார். அதிபர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவை மறுபடி பூட்டினேன். கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலில் அவளுக்கு அறிவிப்பு கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது. வெளியே வந்து பார்த்தால் இருட்டு, பூட்டிய கதவுகள், மனித வாடையே இல்லாத நடைவழி. முந்திய பாடசாலையில் யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஒத்திகை முடியும்வரை அவள் என் கையை விடாமல் பக்கத்தில் நின்றாள். எனக்கும் பயம், அவளுக்காகப் பாதி, எனக்காகப் பாதி.

மத்தியானம் அதிபர் கூப்பிட்டார். கதிரை காட்டினார். வகுப்பு மிக விரைவாக ஒழுங்குக்கு வந்தது என்றார். பிள்ளைகளுக்கு என்மேல் நம்பிக்கை இருப்பது தெரிகிறது என்றார். அதன் பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். இத்தனை மாதம் காத்திருந்த ஆனால் வந்துவிட்டதே என்று எனக்கு ஒருவிதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. கோபப்படாமல்தான் பேசினார். அது உண்மையான ஆபத்தாக இருந்திருந்தால், ஒரு பிள்ளைக்காக ஒரு வகுப்பையே நான் திறந்துவிட்டிருப்பேன். பேசியும் இருக்கிறேன், உள்ளே ஆள் இருப்பதைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். மதிப்பீட்டில் பாதுகாப்பு என்று ஒரு பகுதி உண்டு, அதைத் தன்னால் வெறுமையாக விட முடியாது. பிள்ளையின் தாய் என்னைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தானும் கூட இருப்பாராம். அந்தச் சந்திப்புக்குப் பிறகே எழுதப் போவதாகச் சொன்னார்.

நான் எழுந்து வரும்போது, இனிமேல் என்ன செய்வீர்கள் என்பதை நான் உங்கள் வாயால் கேட்க வேண்டும் மேடம் என்றார். இவ்வளவு வெளிப்படையாக ஒருவர் சொன்னால் அதில் என்ன சூது இருக்கும் என்று வழி நெடுகத் தேடினேன். கிடைக்கவில்லை.

கணவருக்கு அன்று விடுமுறை. வீட்டுக் குசினி மேசையில் இருந்துகொண்டு முழுவதையும் கேட்டார். "இதில யோசிக்க என்ன இருக்கு?" என்றார். "கனக்கக் கதைக்காதையும். இனிக் கதவைத் திறக்க மாட்டன் எண்டு ஒரு வசனம். அதிபருக்கு அது காணும்."

"தாயும் இருப்பா. அவவின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அவவின்ர பிள்ளை சுகமா இருக்குத்தானே. பேந்தென்ன?" என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவருடைய விரல்களில் குசினிச் சூட்டுத் தழும்புகள் இருக்கின்றன. அவர் அவற்றைக் காட்டவில்லை, நான்தான் பார்த்தேன். அந்த ஒரு வசனத்தைப் பிரெஞ்சில் பிழையில்லாமல் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸிலும் சொல்லிக்கொண்டு போனேன்.

தாய் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். டவுன்டவுன் கந்தோர்களைத் துப்புரவு செய்கிற வேலை. குட்டையான, கெட்டியான பெண், என் வயதுதான் இருக்கும். அதிபரின் அறையில் வட்ட மேசை, நான்கு கதிரைகள். நான் வழக்கமாகக் கதவு தெரிகிற கதிரையில்தான் இருப்பேன். அதை நோக்கி நான் நகர, அவரும் அதே கதிரையின் முதுகைப் பிடித்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் விட்டுக்கொடுத்தேன். முதுகுப் பக்கம் கதவை வைத்துக்கொண்டு இருப்பது எனக்குப் பழக்கமில்லை. முறைப்பாடு கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஒழுங்கு செய்திருந்த மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. ஆகவே பிள்ளையே நடுவில் இருந்தாள்.

தாயின் முதல் கேள்வி நான் எதிர்பாராதது. வகுப்புக்குள்ளே இருந்த அந்த வேறு ஆள் யார்? மகளுக்குத் தெரியாத மொழியில் பேசிய ஆள்? அதிபர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அது நான்தான் என்றேன். தாய் நம்பவில்லை. நம்பாதவரின் முகம் எப்படி இருக்கும் என்று கண்ணாடியில் பார்த்துப் பழகியவள் நான், எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை இப்போது சொல்லச் சொன்னார். அதிபரின் அறையில், வட்ட மேசையில் இருந்துகொண்டு, "ஆரது?" என்றேன். பிள்ளை தாயைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். என் மகள் பதில் சொன்னாளா என்று கேட்டார். இல்லை என்றேன். பதில் வராமலே திறந்தாய், ஏன்?

இப்போது என் வசனத்தைச் சொல்லியிருக்கலாம். அதிபர் பேனையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்னால் அந்தத் தாயிடம் அப்படித் தொடங்க முடியவில்லை. காலடி விலகி ஓடியதைக் கேட்டுத்தான் திறந்தேன், கெட்டவன் என்றால் விலகிப் போயிருக்க மாட்டான் என்று உண்மையைச் சொன்னேன். பிள்ளை மொழிபெயர்த்தாள். தாய் நன்றி சொல்வார் என்று எனக்குள் ஒரு சின்ன ஆசை இருந்தது. மறைப்பானேன்.

அவர் தாழ்ந்த குரலில் நீளமாகப் பேசினார். பிள்ளை உடனே மொழிபெயர்க்கவில்லை. தாய் அவளுடைய முழங்கையைத் தொட்டார்.

"எங்கள் ஊரில் அவர்களுக்கு விலகிப் போகவும் தெரியும் என்று அம்மா சொல்கிறார்," என்றாள் பிள்ளை. "போய் மூலையில் நிற்பார்களாம், கதவு திறக்கும்வரை." பிறகு, வகுப்பில் விடை வாசிக்கிற அதே சமமான குரலில் சொன்னாள்: "நான் வெளியே நின்றது ஒரு நாள். மற்ற எல்லா நாளும் நான் உள்ளேதான் இருக்கிறேனாம். அதனால், நான் வெளியே நின்றாலும் நீங்கள் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறார்."

அதிபர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். உலகத்தையே சந்தேகப்படுகிறவள் என்று என்னைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்தத் தாய்க்கு முன்னால் நான் பச்சைப் பிள்ளை. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அந்தத் தாய் எத்தனை கதவுகளுக்குப் பின்னால் இருந்திருப்பாரோ.

மூன்று பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனத்தைத்தான் அவர்களில் இரண்டு பேர் கேட்டார்கள். நான் பிள்ளையிடம் திரும்பினேன்.

"அம்மாவிடம் சொல்லு," என்றேன். "இனித் திறக்க மாட்டேன்."

அவள் சொன்னாள். ஸ்பானிய மொழியில் அது மிகச் சிறிய வசனம். தாய் கண்ணை மூடித் திறந்தார், மேசைக்கு மேலால் என் கையை எட்டிப் பிடித்து அழுத்தினார். துப்புரவு மருந்துத் தண்ணீரில் வெடித்த கை. அதிபர் பெருமூச்சு விட்டு, நன்றி மேடம் என்றார். பெரியவர்கள் மூன்று பேருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது. நான் பிள்ளையைப் பார்த்தபோது அவள் குனிந்து தன் ஜாக்கெட்டின் ஸிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

யூன் மாதம் மதிப்பீடு வந்தது. பாதுகாப்புப் பகுதியில் அதிபர் நல்லதாகவே எழுதியிருந்தார். ஓர் இடத்திலும் ஆனால் இல்லை. நான் இரண்டு மூன்று தரம் தேடினேன். கணவர் உணவகக் குசினியில் சொல்லி எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தார். மேல் வீட்டு அக்கா படியிறங்கி வந்து கட்டிப்பிடித்து, "எனக்குத் தெரியும் பிள்ளை, நீர் செய்வீர் எண்டு," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அதை நான் நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தச் சந்திப்புக்கும் யூனுக்கும் இடையில் ஒரு முழுக் குளிர்காலம் இருந்தது. அவ்வளவு நாளும் அந்தப் பிள்ளை என் வகுப்பில் நன்றாகப் படித்தாள், கணக்கில் எல்லாரையும் முந்தினாள், என்னிடம் மரியாதையாகப் பேசினாள். கழிவறைக்குப் போக மட்டும் ஒரு தடவையும் கேட்கவில்லை. மாசியில் ஒரு நாள் பிற்பகல், அவள் மேசைக்குக் கீழே கால்களை முறுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி எழுதுவதைக் கண்டேன். பக்கத்தில் போய்க் குனிந்து, போயிட்டு வா, நீ வரும்வரை நான் வாசலிலேயே நிற்கிறேன் என்றேன். கதவைத் திறந்தும் விட்டேன். அவள் திறந்த கதவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதிபர் நன்றாக இருந்தது என்று சொல்லும்போது நான் அவரைப் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

"தேவையில்லை மேடம்," என்றாள். மணி அடித்ததும் எல்லாருக்கும் முன்னால் எழுந்து ஓடினாள்.